ரெண்டு லிட்டர் காற்று

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பொள்ளாச்சியில் பாதிப் பேருக்குத் தெரியும். கடைசியில் அந்த மூக்கிலேயே குழாயை மாட்டிவிட்டார் டாக்டர்.

நான் திருமலைசாமி. முப்பத்திரண்டு வருஷம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவன். எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால் பழைய கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்துக் கொடுப்பேன். புது மோட்டார் வாங்குவதானாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். "அஞ்சு எச்.பி. போதுங்களா?" என்று ஒருத்தர் வந்தால், "ஏழரையாப் போடுங்க. எச்சா இருந்தா என்ன கெட்டுப்போகுது?" என்பேன். அப்படிச் சொல்லியே பழகிவிட்ட வாய் இது.

வார்னிஷ் புகை கொஞ்சம், சிகரெட் புகை நிறைய. போன தை மாதம் குளித்துவிட்டு வேட்டி கட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. கோயம்புத்தூரில் டாக்டர் என் விரலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டிப் பார்த்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்தாறு என்று காட்டியது. நுரையீரல் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது என்றார். வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது, ரெண்டு லிட்டர் வேகத்தில். அந்த 'ரெண்டு' என்பதைச் சீட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தார்.

சீட்டை எடுத்துக்கொண்டு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடைக்குப் போனோம். நான், என் சம்சாரம் நாச்சியம்மாள், அங்கேயே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் மகள் சண்முகப்பிரியா. கடையில் இருந்த பெண்ணின் பெயர் ஜோவிதா. மூச்சு வைத்தியத்துக்கென்றே படித்த பெண் என்றார்கள். சீட்டைப் படித்துவிட்டு மூன்று மெஷின்களைக் காட்டினாள்.

"இது அஞ்சு லிட்டர் வரைக்கும் குடுக்குங்க அங்கிள். ரூம்ல இருக்கிற காத்தை இழுத்து, ஆக்சிஜனை மட்டும் பிரிச்சுக் குடுக்கும். உங்களுக்கு ரெண்டுதானே, இது தாராளம். கரண்ட் போனா சமாளிக்க ஒரு சின்ன சிலிண்டர் வச்சுக்கலாம். அது பத்து லிட்டர், அவ்வளவு தேவைப்படாது. இது தோள்ல மாட்டிக்கிறது, பேட்டரியில ஓடும். வெளிய போறவங்களுக்கு."

நாச்சி நேராக அந்தத் தோள் மெஷினிடம் போய்விட்டாள். ஆட்டுக்குட்டியைத் தடவுகிற மாதிரி அதைத் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதை மாட்டிட்டு எங்க வேணா போலாமாமுங்க. கல்யாணங்காச்சி, கோயில் நோம்பி, எல்லாத்துக்கும்."

"எங்க போறது? மூக்குல குழாயோட போய் நின்னா நாலு பேரு என்ன நெனைப்பாங்க? ஊட்டுக்குள்ளயே கெடந்துக்கலாம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அதற்குள் பத்து லிட்டர் மெஷினைக் காட்டி, "இதைக் கட்டிக் குடு கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

ஜோவிதா விடவில்லை. "சத்தம் அதிகம் அங்கிள். கனம் அதிகம். உங்களுக்கு வேண்டியது ரெண்டு லிட்டர்தான்."

"இருக்கட்டும். எச்சா இருந்தா என்ன கெட்டுப்போகுது?"

அந்தப் பெண்ணுக்குப் பொறுமை அதிகம். கட்டிக் கொடுத்துவிட்டு, விரலில் மாட்டும் மீட்டர் ஒன்றையும் கொடுத்தாள். "தொண்ணூறு வந்தாப் போதும் அங்கிள். நூறு வரணும்னு ஆசைப்படாதீங்க. டாக்டரைக் கேக்காம குமிழைத் திருகக் கூடாது" என்று ரெண்டு தரம் சொன்னாள். தொண்ணூறு போதும் என்று சொன்ன ஆளை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

நாச்சி அன்று சொல்ல வந்தது என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் மார்கழியிலிருந்து வள்ளி கும்மி பழகிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் இப்போது ஊருக்கு ஊர் அதுதான் பேச்சு. கோயில் மைதானத்தில் சாயங்காலம் ஐம்பது அறுபது பேர் வட்டமாக நின்று, ஆசிரியர் பாடப் பாட, வள்ளி கதைக்கு அடி வைத்து ஆடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையும் ஆடும், அறுபது வயசுப் பொம்பளையும் ஆடுவாள். பழகி முடிந்ததும் ஊரைக் கூட்டி அரங்கேற்றம்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில், என் கடைக்குச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதைத் தவிர நாச்சி வாசலைத் தாண்டி எதுவும் தனக்கென்று செய்ததில்லை. இப்போது காப்பி போடும்போதுகூட அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் மூன்று அடி, ஒரு திரும்பல், ஒரு கைதட்டு.

"இந்த வயசுல குதிச்சா முட்டி கழண்டுபோகும்" என்றேன் ஒரு நாள்.

"முட்டி என்னுதுதானுங்களே" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாசிக் கடைசி ஞாயிறு அரங்கேற்றம் என்று நாள் குறித்தார்கள். "நீங்களும் வர்றீங்களா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். குழாயோட வரமாட்டேன் என்றேன். சரி என்று போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். சரி என்று சொல்லிவிட்டுப் போனதுதான் மனசை அறுத்தது.

எனக்குப் பார்க்க ஆசை. சொன்னால் வெட்கம். அவள் ஆடுவதை நான் மைதானத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஆனால் மூக்கில் குழாய் இருக்கக் கூடாது. என்ன செய்யலாம் என்று நாலு நாள் யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன், கேளுங்கள்.

எங்கள் பக்கம் தோட்டத்து மோட்டாருக்கு மூன்று பேஸ் கரண்ட் எல்லா நேரமும் இருக்காது. வருகிறபோதே மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். கரண்ட் போன பிறகு தொட்டித் தண்ணீர் மாட்டுக்கும் ஆகும், தென்னைக்கும் ஆகும். சின்ன வயசிலிருந்து பார்த்த வேலை. அதே கணக்குத்தான். மத்தியானம் ரெண்டு மணி நேரம் குமிழை நன்றாகத் திருகி வைத்து உடம்பில் ஆக்சிஜனை ரொப்பிக்கொண்டால், சாயங்காலம் மூன்று மணி நேரம் குழாய் இல்லாமல் ஓட்டிவிடலாம். பத்து லிட்டர் மெஷின் பின்னே எதற்கு இருக்கிறது?

அந்த ஞாயிறு மூன்று மணிக்கு நாச்சி குழுவோடு வேனில் கிளம்பிப் போனாள். எல்லோருக்கும் ஒரே கிளிப்பச்சைப் பட்டு. ஐந்து மணிக்குப் பிரியா காரில் வருவதாக ஏற்பாடு, அவள் அம்மா ஆட்டத்தைப் பார்க்கப் போக. அவளோடு நானும் போய் நின்று நாச்சியைத் திகைக்க வைப்பது என் திட்டம். வெள்ளைச் சட்டை போட்டு, வாட்ச் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து குமிழை ஆறுக்குத் திருகினேன். மீட்டர் தொண்ணூற்றாறு காட்டியது. பிறகு தொண்ணூற்றெட்டு. பிறகு தொண்ணூற்றொன்பது! அந்த ஜோவிதாப் பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்று நினைத்தேன். நெற்றிப் பொட்டு லேசாக வலித்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். கண் சொக்கியது. வயசான உடம்பு, மத்தியானத் தூக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது பிரியா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் வந்தபோது நான் நாற்காலியில் சாய்ந்து கிடந்தேனாம். உலுக்கினால் கண்ணைத் திறப்பேனாம், "காயில் காயல, நாளைக்கு வா" என்று உளறிவிட்டு மறுபடி மூடிக்கொள்வேனாம். அவள் குமிழைப் பார்த்திருக்கிறாள். ரெண்டுக்கு இறக்கிவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, டாக்டருக்கும் சொல்லி, அதற்கப்புறம் அவள் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் நான் நினைவு வந்து விழித்தபோது மறுநாள் காலை. முகத்தில் மூச்சைத் தள்ளும் மாஸ்க் ஒன்று இறுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் நாச்சி. அதே கிளிப்பச்சைப் பட்டு, கசங்கிப்போய். தலையில் கனகாம்பரம் வாடித் தொங்கியது.

"அரங்கேற்றம்?" என்றேன் மாஸ்க்குக்குள்ளிருந்து.

"கம்முனு படுங்க" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வராமல் அழுதாள். நானும் அழுதேன். மாஸ்க்குக்குள் அழுவது பெரிய இம்சை, மூக்கைக்கூடத் துடைக்க முடியாது.

டாக்டர் வந்து பொறுமையாகத் திட்டினார். என்னுடையதைப் போல் தேய்ந்த நுரையீரலுக்கு ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் கொடுத்தால், உள்ளே இருக்கும் கெட்ட காற்று வெளியே போகாமல் ரத்தத்தில் தங்கிவிடுமாம். தலைவலியும் தூக்கமும் அதனால்தான். இன்னும் ஒரு மணி நேரம் யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் தூக்கத்திலேயே போயிருப்பேனாம். "உடம்பு தொட்டி இல்லீங்க. மூச்சுக்கு மூச்சு குடுத்துட்டே இருக்கணும், அளவாக் குடுக்கணும்" என்றார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பிரியா அதைப் பார்த்துத்தான் ரொம்பப் பயந்துவிட்டாளாம்.

வீட்டுக்கு வந்த அன்று பிரியா என்னிடம் தனியாக இன்னொன்று சொன்னாள். போன் போனபோது குழு வட்டத்துக்குள் இறங்க வரிசையில் நின்றுகொண்டிருந்ததாம். நாச்சி அப்படியே வரிசையை விட்டு வந்துவிட்டாள். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் என் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாளாம். வரமாட்டேன் என்று நான் சொன்ன பிறகும்.

வீட்டில் நாச்சி முதலில் செய்த வேலை, என் பழைய கடைச் சாமான் பெட்டியிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, மெஷின் குமிழை ரெண்டில் வைத்து நாலு சுற்றுச் சுற்றி ஒட்டியது. முப்பத்திரண்டு வருஷம் நான் சுற்றிய டேப். அவ்வளவு இறுக்கமாக நான்கூடச் சுற்றியதில்லை.

ரெண்டாவது வேலை, கும்மியை விட்டது. ஆசிரியர் பாலகோபால் போன் செய்தார். வைகாசியில் காங்கேயம் பக்கம் ஒரு கோயில் நோம்பியில் குழு ஆடப்போகிறது, உங்கள் அரங்கேற்றத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம், வாருங்கள் என்றார். "இல்லீங்க வாத்தியாரே, எனக்கு முட்டி வலிங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"முட்டி எப்பக் கழண்டுச்சு?" என்றேன்.

"உங்களைத் தனியா உட்டுப்போட்டு நான் போய் ஆடறதா? போதுமுங்க. நான் ஆடுன வரைக்கும் போதும்."

ஆடவே இல்லையே, பாவி. பட்டுச் சேலையைத் துவைத்து, மடித்து, பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். காப்பி போடும்போது இப்போது நேராக நடந்தாள். அடுப்பிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து அடுப்புக்கு. பத்து லிட்டர் மெஷின் மட்டும் மாவு மில் மாதிரி மூலையில் இரைந்துகொண்டே கிடந்தது. நாச்சியின் அந்த நேர் நடையை என்னால் பார்க்க முடியவில்லை.

சித்திரையில் செக்கப். நாச்சிக்கு அன்று தலைவலி, பிரியாதான் அழைத்துப் போனாள். டாக்டரைப் பார்த்து முடித்ததும், "அந்தக் கடைக்கு வண்டியை உடு கண்ணு" என்றேன்.

ஜோவிதா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நடந்ததெல்லாம் பிரியா சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, என் ஆயுசில் எந்தக் கடையிலும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு. மூணு மணி நேரம் வெளிய ஒக்காந்து ஒண்ணைப் பாக்கோணும். எது வேணும்னு நீயே சொல்லு."

அவள் ரெண்டு தோள் மெஷின்களை எடுத்து வைத்தாள். ஒன்று கைப்பை அளவு. இன்னொன்று அதைப்போல் ரெண்டு மடங்கு. என் கை தானாகச் சின்னதை நோக்கிப் போனது. துண்டுக்குள் மறைத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது.

"இருங்க அங்கிள். இதுல ரெண்டுன்னு நம்பர் இருந்தா ரெண்டு லிட்டர்னு அர்த்தமில்ல. நீங்க மூச்சை இழுக்கிறப்ப மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கும். உங்களுக்குப் பத்துமான்னு போட்டுப் பாத்தாத்தான் தெரியும். மாட்டிட்டு நடங்க."

கடைக்குள்ளேயே நடந்தேன். விரலில் மீட்டர், தோளில் சின்ன மெஷின், மூக்கில் குழாய். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆர்.எஸ்.புரமே போய்க்கொண்டிருந்தது. ஆறு நிமிஷத்தில் எண்பத்தஞ்சுக்கு இறங்கிவிட்டது. நம்பரை முழுசாக ஏற்றியும் எண்பத்தேழைத் தாண்டவில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு பெரியதை மாட்டி மறுபடி ஆறு நிமிஷம். மூன்றாம் நம்பரில் தொண்ணூறு, தொண்ணூற்றொன்று என்று நின்றது. அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டு மூன்றாம் நம்பர் சரிதானா என்று கேட்டுக்கொண்டாள்.

"சின்னது உங்களுக்குப் பத்தாது அங்கிள். பெருசை மறைக்க முடியாது. பரவாயில்லீங்களா?"

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பெரியதையே கட்டச் சொன்னேன். கூட ஒரு பேட்டரி, காரில் சொருகும் ஒயர். காற்று இழுக்கும் ஓட்டையைத் துணியால் மூடக் கூடாது, பக்கத்தில் கற்பூரம், பீடி, நெருப்பு எதுவும் கூடாது என்று சொன்னாள். இந்த முறை பிரியாவை ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

வீட்டுக்குள் மெஷினை மாட்டிக்கொண்டே நுழைந்தேன். நாச்சி வாசலில் நின்று ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாத்தியாருக்குப் போன் போடு. காங்கேயத்துக்கு நீ போற. நானும் வாரேன்."

"மூக்குல குழாயோடயா? நாலு பேரு என்ன நெனைப்பாங்க?"

"என்னமோ நெனைச்சுப்போட்டுப் போறாங்க. நீ போடு போனை."

போடவில்லை. உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் பயம் வந்தது. ஒருவேளை காரியம் கெட்டது கெட்டதுதானோ என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்துச் சமையலறையிலிருந்து ஒரு கைதட்டுக் கேட்டது. நான் எழுந்து பார்க்கப் போகவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை. நாச்சி குழுவோடு வேனில் முன்னால் போனாள். நானும் பிரியாவும் காரில். தாராபுரம் தாண்டிக் காங்கேயம் போகும் வரைக்கும் மெஷினைக் கார் ஒயரில் சொருகியே வைத்திருந்தேன், பேட்டரி முழுசாக நிறைந்திருந்தது. நிரப்ப வேண்டியது அதைத்தான், என்னை இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மைதானத்தில் இறங்கியபோது கால் கூசியது. நூறு கண்ணாவது திரும்பியது. முன்வரிசையில் ஒரு நாற்காலியில் என் துண்டு கிடந்தது. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மெஷினை மடியில் வைத்து உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். பார்த்தால் தம்பிதுரை! அந்தப் பக்கத்துத் தோப்புக்காரர், பத்து வருஷத்துக்கு முன் என்னைக் கேட்டு மோட்டார் வாங்கியவர். நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவர் மெஷினை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க, இது எத்தன எச்.பி.?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "எச்.பி. எல்லாம் இல்லீங்க. எனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான்" என்றேன்.

"எனக்கு மட்டும் ஏழரை போடச் சொன்னீங்க. அது போர்த் தண்ணிய மளமளன்னு உறிஞ்சிட்டு, தண்ணி இல்லாம ஓடிக் காயில் எரிஞ்சுபோச்சு."

"தப்புத்தானுங்க" என்றேன். பத்து வருஷம் தாமதமாக.

மேளம் தொடங்கியது. கிளிப்பச்சை வட்டம் மைதானத்தில் இறங்கியது. நாச்சி பத்தாவதோ பதினொன்றாவதோ ஆள். அடேயப்பா, அந்த ஆட்டத்தை என்னவென்று சொல்வேன். அறுபத்தொரு வயசு, என்னோடு முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்த பொம்பளை, குனிந்து நிமிர்ந்து திரும்பிக் கைதட்டி வருகிறாள். எனக்கு இப்படி ஒருத்தியைத் தெரியவே தெரியாது என்று தோன்றியது.

ஆனால் ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் என் முன்னால் வரும்போது அவள் பார்வை என் மடிக்கே போனது. மெஷின் ஓடுவதைக் காட்டும் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறாள். ஒரு சுற்று, ரெண்டு சுற்று, ஐந்து சுற்று. நான் அவளைப் பார்க்கிறேன், அவள் விளக்கைப் பார்க்கிறாள். அரங்கேற்றம் ஆடுகிறாளா, ஆஸ்பத்திரி டியூட்டி பார்க்கிறாளா? எனக்குக் கோபம் வந்துவிட்டது.

ஆறாவது சுற்று அவள் நெருங்கும்போது, காற்று ஓட்டையை விட்டுவிட்டு, விளக்கை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

வந்தாள். மடியைப் பார்த்தாள். விளக்கு இல்லை. பதறிப்போய்த் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் குழாயோடு, நல்ல மூச்சோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாச்சிக்கு அடி தப்பிவிட்டது. பின்னால் வந்த பெண் அவள் மேல் இடித்துக்கொண்டாள். ரெண்டு பேரும் சமாளித்து வட்டத்தில் சேர்ந்தார்கள். நாச்சி தலையைக் குலுக்கிக்கொண்டே போனாள், வாய்க்குள் என்னைத் திட்டுவது அங்கிருந்தே தெரிந்தது.

அதற்கப்புறம் ஒரு சுற்றில்கூட அவள் விளக்கைப் பார்க்கவில்லை.